கார்பரேட்டர் என்ன பாவம் செய்தது?

ஜூலை மாதத்துப் பிற்பகல். கலிபோர்னியா மாகாணத்தின் நடுப்பள்ளத்தாக்கில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஒரு கோப்பை காப்பியும் குடித்துவிட்டு வந்த கனவான் ஒருவர் தம்முடைய பழைய டாட்ஸன் 240 இசட் காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் கிளம்பவில்லை. மறுபடியும் சுற்றுகிறது, இரண்டு முறை இருமுகிறது, ஓய்ந்துவிடுகிறது. கனவான் இறங்கி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நிற்கிறார். அரை மணி கழிந்ததும், யாரும் தொடாமலே, கார் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடுகிறது!

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் ஒரு முடிவுக்கு வருகிறார்: "கார்பரேட்டர் கிழடாகிவிட்டது. மாற்ற வேண்டியதுதான்." மூன்று இத்தாலிய வெபர் கார்பரேட்டர்கள் பளபளவென்று வந்து இறங்குகின்றன. அடுத்த ஜூலையில் அதே பெட்ரோல் கடை வாசலில், அதே வெயிலில், அதே கார் நிற்கிறது. வித்தியாசம், இப்போது கோளாறு ஆறு குழல்களில் பரவியிருக்கிறது. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கனவான்கள் அமெரிக்காவில் ஒருவர் இருவர் அல்லர். பழைய விளையாட்டுக் கார்களை வாங்கி, பிரித்துப் பூட்டி, சக்தியைக் கூட்டி ஓட்டுவது அங்கே ஒரு பெரிய பித்து. அதில் தவறொன்றும் இல்லை. குதிரை வளர்ப்பதைவிடச் செலவு குறைவு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பித்தில் அகப்பட்டவர்கள் பணத்தை எந்த வரிசையில் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்கு முதலிடம். காருக்கு அடியில் மண் படிந்து கிடக்கும் குழாய்க்குக் கடைசி இடம். இந்த வரிசை தலைகீழானது என்பது மட்டுமல்ல, சில சமயம் உயிருக்கே ஆபத்தானதுங்கூட.

இந்தக் கார் சாமான்யமான கார் அல்ல. 1969-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து இறங்கியபோது இதன் விலை 3,526 டாலர். ஆறு ஸிலிண்டர், 2,393 கன சென்டிமீட்டர் இஞ்சின். கம்பெனி சொன்ன கணக்கு 151 குதிரைச் சக்தி. இதைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து ஐரோப்பியக் கார் வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஜப்பானில் இதற்கு 'பேர்லேடி' என்று பெயர். அந்த நளினமான பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று கண்டுகொண்டு, வெறும் எண்ணையும் எழுத்தையும் பெயராக வைத்தவர் யூடாகா கடாயாமா என்ற நிஸ்ஸான் அதிகாரி. 2015-இல் 105-வது வயதில் காலமான அவரை இந்தக் கார்ப் பிரியர்கள் இன்றும் 'மிஸ்டர் கே' என்றே குறிப்பிடுகிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பொல்லாத ஸபாரிப் போட்டியில் 1971-இலும் 1973-இலும் இந்தக் கார் முதலாவதாக வந்தது. இரண்டாம் முறை ஓட்டியவர், உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. புழுதியிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கான மைல் ஓடி வென்ற வண்டி, பெட்ரோல் கடை வாசலில் ஏன் நிற்கிறது? விஷயம் இங்கேதான் சுவாரசியமாகிறது.

இந்த இஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியும், எரிந்த புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்பரேட்டர்கள் மேலே, நெருப்பாய்க் காய்ந்த புகைக்குழாய் அவற்றுக்கு நேர் கீழே. சமையலறையில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அதில் நெய்க் குடத்தை வைத்த கதைதான்! கார் ஓடும்போது விசிறியும் எதிர்காற்றும் வெப்பத்தை அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. நிறுத்தியவுடன் காற்றோட்டம் நின்றுவிடுகிறது; வெப்பம் மேலே ஏறுகிறது. பெட்ரோல் என்பது ஒரே திரவமன்று. பல திரவங்களின் கலவை. அதில் லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். கார்பரேட்டரின் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் பொங்கி இஞ்சினுக்குள் வழிந்தால் ஒரு விதமான கோளாறு. வருகிற குழாயிலேயே ஆவியாகிவிட்டால் இன்னொரு விதம். முன்னதில் இஞ்சினுக்குப் பெட்ரோல் மூச்சு முட்டுகிறது. பின்னதில் பட்டினி கிடக்கிறது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே: வண்டி கிளம்பாது. ஆனால் வைத்தியம் நேர் எதிர். முன்னதற்கு ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் காற்று புகுந்து வழிந்தது வெளியேறும். பின்னதற்குக் குழாய் குளிரும்வரை காத்திருப்பது தவிர வழியில்லை.

நம் ஊரில் அம்பாஸடர் ஓட்டிய டிரைவர்கள் கோடைக் காலத்தில் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். அமெரிக்காவில் பெட்ரோல் குழாய் நெடுகத் துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. ஈரத்துணிக்காவது பௌதிக சாஸ்திரம் துணை நிற்கிறது. மரக் கிளிப்புக்கு எது துணை நிற்கிறதோ, அதை மாட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்றைய பெட்ரோலும் இந்தக் கஷ்டத்தை அதிகப்படுத்துகிறது. அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலானவற்றில் பத்தில் ஒரு பங்கு எதனால் என்னும் சாராயம் கலந்திருக்கிறது. அந்த அளவில் கலக்கும்போது ஆவியாகும் குணம் சற்றுக் கூடுகிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கும் சாராயத்துக்கும் ஒத்துக்கொள்வதில்லை. வெடித்து, மிருதுவாகி, உட்புறம் உதிர ஆரம்பிக்கின்றன. 1970-இல் கட்டிய காருக்கு இதெல்லாம் முன்கூட்டித் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆக, கார்பரேட்டரை மாற்றியதால் கனவானுக்கு என்ன லாபம்? அடுப்பு அங்கேயேதான் இருக்கிறது. பரணும் அங்கேயேதான். குடம் மட்டும் மூன்றாகிவிட்டது!

எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். மூன்று வழிகள் உண்டு. முதலாவது, காருடன் வந்த இரட்டை எஸ்.யு. ஜாதிக் கார்பரேட்டர். ஹிட்டாச்சிக் கம்பெனி செய்தது. தலை உருண்டையாக இருக்கும். 1973-ஆம் ஆண்டு மாடலில், புகை பற்றிய அமெரிக்கச் சட்டத்துக்காகத் தட்டைத் தலையுள்ள வேறொரு ஜோடியை மாட்டி அனுப்பினார்கள். அதன் குறும்பு பொறுக்கமாட்டாமல் எத்தனையோ பேர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய உருண்டைத் தலைகளைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது, மூன்று வெபர் அல்லது மிகுனிக் கார்பரேட்டர்கள், ஸிலிண்டருக்கு ஒரு குழல் வீதம். மூன்றாவது, கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து ஊசித்துளை வழியே பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்ஷன் முறை. நிஸ்ஸான் கம்பெனியே 1975-இல் 280 இசட் காரில் இந்த முறைக்கு மாறிவிட்டது.

உருண்டைத் தலை எஸ்.யு.வைப் போல எளிமையான கருவி அபூர்வம். உள்ளே ஒரு பிஸ்டன். அதன் நுனியில் ஓர் ஊசி. இஞ்சின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்டன் தானே உயர்கிறது. கூம்பிய ஊசியும் கூடவே உயர்ந்து, காற்றின் அளவுக்குத் தக்கபடி பெட்ரோலை விடுகிறது. அடியிலுள்ள திருகை மேலே முட்ட வைத்து, பிறகு இரண்டரைச் சுற்று கீழே இறக்கினால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். மீதி நுட்பம் காதுக்கும் கைக்கும். மேலேயுள்ள சிறு குழலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். இவ்வளவுதான் பராமரிப்பு. சாலையில் ஓடும் கார், அதிகமாக மாற்றியமைக்கப்படாத இஞ்சின் என்றால், இதைக் கழற்றுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

வெபரின் பெருமையை மறுப்பதற்கில்லை. அதன் சத்தம் ஒன்றே போதும், சில பேருக்கு மெய்சிலிர்க்க! மிதித்தால் வண்டி துள்ளுகிற துள்ளலும் தனி. ஆனால் அது ரேஸுக்காகப் பிறந்த பிறவி. எஸ்.யு. தானே அகலமாகிக் குறுகும்; வெபரின் தொண்டை ஒரே அளவு. ஆகவே மெயின் ஜெட், காற்று ஜெட், ஐடில் ஜெட், பம்ப் ஜெட் என்று பல துவாரங்களை வைத்து அந்தக் குறையை ஈடு செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஆறு! ஊருக்குள் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி ஐடில் ஜெட்டும் அதை அடுத்த சிறு துளைகளுமே இஞ்சினுக்குச் சோறு போடுகின்றன. இது தெரியாமல், 2,500 சுற்றில் இடறும் காருக்கு மெயின் ஜெட்டை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் மாரடிப்பவர்கள் உண்டு. இன்னொரு வேடிக்கை: எஸ்.யு.வில் ஆக்ஸிலேட்டர் பம்ப் கிடையாது. வெபரில் உண்டு. கிளம்பாத காரின் ஆக்ஸிலேட்டரை ஆத்திரத்தில் நாலு தரம் மிதித்தால், ஏற்கெனவே மூச்சு முட்டிக் கிடக்கும் இஞ்சினுக்குள் மேலும் நாலு தாரை பெட்ரோல் இறங்குகிறது.

"ஜப்பானிலேயே கம்பெனி மூன்று கார்பரேட்டர் போட்டு விற்கவில்லையா?" என்று கேட்பார்கள். விற்றது வாஸ்தவம்தான். இசட் 432 என்ற காரில் மூன்று மிகுனிகள் இருந்தன. ஆனால் அதன் இஞ்சின் வேறு. அதில் காற்று ஒரு பக்கம் நுழைந்து புகை மறுபக்கம் வெளியேறும். அடுப்பும் பரணும் வேறு வேறு சுவர்களில்!

டர்போ மாட்டிச் சக்தியை இரட்டிப்பாக்க விரும்புகிறவர்களும், மலையேறும்போதும் குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்கிறவர்களும் இஞ்செக்ஷனுக்குப் போவதே சரி. ஆனால் போனால் முழுதாகப் போக வேண்டும். இங்கேதான் பலர் அரைக்கிணறு தாண்டுகிறார்கள். வெபருக்கு வேண்டிய பெட்ரோல் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 ராத்தல். அதைவிட அதிகமானால் கிண்ணத்து வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். இஞ்செக்ஷனுக்கோ 40 ராத்தலுக்கு மேலே வேண்டியிருக்கிறது. பம்பு, குழாய், கிளிப்பு, பில்டர் அத்தனையும் அந்தச் சக்திக்குத் தக்கதாக இருக்க வேண்டும். கடையில் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பு கிடைக்கிறது என்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இஞ்சின் குடித்தது போக மிச்சம் டாங்கிக்குத் திரும்பியாக வேண்டுமல்லவா? இந்தக் காரில் திரும்பும் குழாய், வரும் குழாயைவிட மெல்லியது. இடுக்கு வழியில் திருவிழாக் கூட்டம் திரும்பினால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கட்டுப்படுத்தும் வால்வைத் திருகித் திருகிப் பார்த்தும் இறங்காது. வால்வின் மேல் குற்றமில்லை.

இன்னொன்று. கார்பரேட்டரின் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் கையிருப்பாக நிற்கும். நீண்ட வளைவில் டாங்கிப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் கணநேரம் காற்றை இழுத்தாலும் இஞ்சினுக்குத் தெரியாது. இஞ்செக்ஷனுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. டர்போ முழு மூச்சில் ஊதிக்கொண்டிருக்கும்போது அரை விநாடி பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகுவதும் உண்டு. இதற்காகத்தான் ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் சிறு இடைத்தொட்டி ஒன்றை வைத்து, அதிலிருந்து இரண்டாவது பம்பு இழுக்கும்படி செய்கிறார்கள். டர்போ வாங்கக் காசிருந்தவருக்கு இந்தத் தொட்டி வாங்கக் காசில்லை என்பது நம்பத்தக்க சமாதானம் அல்ல.

தேர்ந்தெடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எந்த அமைப்பானாலும், கோளாறு வந்தால் தேட வேண்டிய இடம் டாங்கியிலிருந்து முன்னோக்கி. ஐம்பது வயது தாண்டிய கார். இடையில் பத்து வருஷம் யாருடைய கொட்டகையிலாவது தூங்கியிருக்கும். டாங்கியினுள்ளே துரு. வண்டி நன்றாக ஓடும். வேகம் பிடித்த சில நிமிஷங்களில் மெல்ல மெல்லச் சோர்ந்து நிற்கும். சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடும். ஓடும்போது துரு உறிஞ்சு வாயில் வந்து அடைக்கிறது. நின்றதும் கீழே படிகிறது. இதற்கு ஜெட்டை மாற்றி என்ன பயன்? டாங்கி மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்து, உடனே வண்டி பிழைத்துக்கொண்டால், காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது என்று பொருள். காசு செலவில்லாத சோதனை இது.

அடுத்தது பம்பு. யூகம் வேண்டாம், அளந்து பார்க்கலாம். ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்கு அரை ராத்தல் பெட்ரோல் என்பது டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஏறக்குறையச் சரியான கணக்கு. 150 குதிரைக்கு 75 ராத்தல். அதாவது சுமார் 45 லிட்டர். நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர். இஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பற்றரி இணைப்பில் பொறி பறக்காதபடி எச்சரிக்கையாக, குழாயை ஓர் உலோகப் பாத்திரத்தில் விட்டுப் பம்பை ஒரு நிமிஷம் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். 300 குதிரை டர்போ என்றால் குதிரைக்கு 0.6 ராத்தல் என்று கொள்ள வேண்டும்; மணிக்கு 110 லிட்டர் ஆகிறது. பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் அழுத்தமில்லாமல் ஓடும்போது வரும் எண்ணாக இருக்கலாம். அழுத்தம் ஏற ஏற அது குறையும்.

அளவு சரியாயிருந்தால் அழுத்தத்தைப் பார்க்கலாம். அனுபவசாலிகள் மானியைக் காருக்கு உள்ளே கொண்டுவருவதில்லை. பெட்ரோல் நிறைந்த குழாய் மடிக்கருகே வரக்கூடாது என்பதால், முன்கண்ணாடிக்கு வெளியே ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். நிற்கும்போது 3 ராத்தல் காட்டும் மானி, மேட்டில் முழு வேகத்தில் ஏறும்போது ஒன்றுக்கு இறங்கினால் திருடன் அகப்பட்டான்.

எல்லாம் சரியாக இருந்தும் இடறுகிறதா? அப்போதும் கார்பரேட்டரைத் தொடவேண்டாம். டிஸ்டிரிபியூட்டர், பாயின்ட், பிளக், வயர் இவற்றைப் பாருங்கள். கார்பரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வருவதில் பெரும்பகுதி மின்சாரக் கோளாறு என்பது பழைய மெக்கானிக்குகள் பரிகாசமாகச் சொல்லும் பேச்சு. இப்போது புகையிலுள்ள பிராணவாயுவை அளந்து கலவையைச் சொல்லும் மானி வந்திருக்கிறது; நல்ல கருவிதான். ஆனால் அதுவும் ஏமாறும். ஒரு பிளக் பொறி விடாவிட்டால், எரியாத காற்று அப்படியே வெளியே வருகிறது. மானி "பெட்ரோல் குறைவு" என்கிறது. அதை நம்பி மேலும் பெட்ரோலைத் திறந்துவிட்டால் கதை கந்தல்.

இவ்வளவும் பணத்தைப் பற்றிய விஷயம். உயிரைப் பற்றியது ஒன்று இருக்கிறது. அடுப்புக்கு மேலே பரண் என்று சொன்னது வெறும் வேடிக்கைக்காக அல்ல. அந்தப் பரணில் ஒரு சொட்டு ஒழுகினால் அது விழுகிற இடம் பழுக்கக் காய்ந்த புகைக்குழாய். கார்பரேட்டருக்கு உரிய மலிவு ரப்பர் குழாயை இஞ்செக்ஷன் அழுத்தத்துக்கு மாட்டுவது, துளைகள் வெட்டிய முரட்டுக் கிளிப்பால் அதை அறுபடும்படி இறுக்குவது, கண்ணாடி பில்டரைப் புகைக்குழாய்க்கு மேலே அழகாகத் தொங்கவிடுவது — இவை அன்றாடம் நடக்கும் காரியங்கள். இன்னொன்று இவற்றைவிட மோசம்: மின்சாரப் பம்பைச் சாவியோடு நேராக இணைத்துவிடுவது. வண்டி மோதி, குழாய் அறுந்து, ஓட்டியவர் நினைவிழந்து கிடந்தாலும் பம்பு தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும். 1975-இல் வந்த 280 இசட்டில் காற்று உள்ளே போவது நின்றால் பம்பும் நிற்கும்படி கம்பெனி அமைத்திருந்தது. ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, ஆயிரக்கணக்கில் செலவழித்து 'மேம்படுத்திய' காரில் அந்தப் பாதுகாப்புக்கூட இல்லையென்றால் அதை மேம்பாடு என்று எப்படிச் சொல்வது? அதிர்ச்சி பட்டதும் மின்சாரத்தை அறுக்கும் ஸ்விட்ச் ஒன்றின் விலை, ஒரு வெபரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் அமரும் மனைவியோ மகனோ அந்தக் குழாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது எந்தக் குழாய் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் விற்பது கேட்கிறவர்கள் கேட்பதைத்தான். மூடியைத் திறந்து நண்பர்களுக்குக் காட்டும்போது மூன்று வெபர்கள் பேசுகின்றன. புதுக் குழாயும் கழுவிய டாங்கியும் பேசுவதில்லை.

நமது கனவான் செய்திருக்க வேண்டியது இவ்வளவே. டாங்கியை இறக்கிச் சுத்தம் செய்வது. சாராயத்துக்குத் தாங்கும் புதுக் குழாய்களை முழு நீளத்துக்கும் மாற்றுவது. பின்புறம் டாங்கிக்கருகே சிறு மின்சாரப் பம்பு ஒன்றை, மோதினால் நிற்கும் ஸ்விட்சோடு வைப்பது. தூரத்திலிருந்து இழுக்கப்படும் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். பின்னாலிருந்து தள்ளப்படும் பெட்ரோல் அவ்வளவு எளிதில் ஆகாது. முன்பு யாரோ அடைத்துவிட்ட திரும்பும் குழாயைத் திறந்துவிட்டால், பெட்ரோல் ஓரிடத்தில் நின்று காயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கார்பரேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே நல்ல தகடு ஒன்று. அதன் பிறகும் வெபர்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். கழற்றிய உருண்டைத் தலை ஜோடியை மட்டும் விற்றுவிடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பரணில்.